ஆடியில் பூத்த டிசம்பர் பூ

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
20.9.1998

அன்புள்ள தம்பி மாறனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தக் குளிரில் காலையில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே.

அம்மா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வர முடியாமல் போனதைப் பற்றி நீ எழுதிய நாலு பக்கத்தையும் படித்தேன். விசா ஆபீசுக்கு நம் வீட்டு அவசரம் புரியுமா? உன் மேல் எனக்கு வருத்தமில்லை. பெரியப்பா மகன் ராமன் கொள்ளி வைத்தான். அடுத்த ஆடியில் வருஷ திதிக்கு நீயே வந்து உன் கையால் படைத்துவிடு, எனக்கு அது போதும். சொந்தக்காரர்கள் சிலர் இப்போதே உன் பெயரை மென்று கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வாய்களில் வடையை வைத்து அடைத்துவிடலாம்.

இனி என் பழைய புலம்பல். அடி அண்ணாமலைப் பக்கத்துச் சரிவில், பாறை இடுக்கில் வளர்கிற என் செடியைப் பற்றி உனக்குத் தெரியும். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவிகளை அழைத்துப் போனபோது கண்ணில் பட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும், “இது நம்ம டிசம்பர் பூதானே மேடம், யார் ஊட்டு வேலியில இருந்தோ வெத வந்து மொளைச்சிருக்குது” என்பார்கள். டிசம்பர் பூ மார்கழியில் பூக்கும், பகலில் விரியும். என்னுடையது ஆடியில் பூக்கிறது, பொழுது சாயும்போது விரிகிறது. வெள்ளையில் மெல்லிய ஊதாக் கோடு. பூவுக்கு அடியில் இருக்கிற சிற்றிலைகளின் முள்விளிம்பும் வேறு. ஒரே குடும்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனி இனம். பத்து வருஷத்துக்கு மேலாக இதையே சொல்லி வருகிறேன். என் ஆய்வேட்டின் நடு அத்தியாயமே இதுதான்.

இப்போது ஆய்வேட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர், “எப்ப பூக்குது, முள் எப்படி இருக்குதுங்கிறதெல்லாம் அந்தக் காலம்மா. டி.என்.ஏ. என்னா சொல்லுது?” என்று கேட்டுவிட்டார். டி.என்.ஏ.வுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பே ஒற்றைக்கண்ணாக இருக்கிறது. தம்பி அதே வேலையில் இருக்கும்போது கவலை எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ கொடுத்துவிட்டுப் போன சிலிக்கா மணிகளில் இலைகளை உலர்த்தி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
எழிலரசி


இங்கிலாந்து,
15.11.1998

அன்புள்ள அக்காவுக்கு,

மாறன் வணக்கம். நான் நலம். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? முறுக்கு டப்பாவை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வை.

இலைகள் பத்திரமாக வந்தன. பொடித்து டி.என்.ஏ. எடுத்தாயிற்று. முதலில் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் உள்ளதைப் படிக்கப் போகிறேன். அது சுலபம், செலவும் கம்மி. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.வில் இத்தனை எழுத்து மாறினால் இரண்டு இனம் என்று சட்டம் எதுவும் கிடையாது. கோடு போடுவது மனிதர்கள்தான். எங்கே போடலாம் என்று டி.என்.ஏ. காட்டும், அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தோட்டத்து டிசம்பர் பூவின் இலை வேண்டும். ஒரே வீட்டுச் செடி போதாது. நாலைந்து ஊர்களில் எடுத்து அனுப்பு.

இங்கே என் வேலை இன்னும் ஒன்றரை வருஷம்தான். அதற்குள் பேர் சொல்லும்படி ஒரு கட்டுரை வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் உன் வேலையை இடையிடையே செய்கிறேன். பொறுத்துக்கொள்.

அன்புடன்
மாறன்


வேங்கிக்கால்,
10.1.1999

அன்புள்ள மாறனுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதம் கண்டு மனம் தெம்பாயிற்று.

இலை சேர்த்த கதையைக் கேள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தலையில் சரம் சரமாக டிசம்பர் பூ வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். “எந்த வீட்டுச் செடி?” என்று கேட்டேன். பூ வைத்ததற்குத் திட்டப் போகிறேன் என்று நினைத்துச் சரத்தையே உருவி என் கையில் கொடுத்துவிட்டாள். உன் மாமாவிடம் கலெக்டர் ஆபீஸ் வேலியிலிருந்து நாலு இலை கிள்ளி வரச் சொன்னேன். வாட்ச்மேன் பிடித்துக்கொண்டானாம். “தாசில்தார் செக்ஷன்ல இருக்கிற கோதண்டராமன் சார் இலை திருடறாரு” என்று பேராகிவிட்டதாகச் சொல்லி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் இரண்டு செடியையும் தொட்டியில் வளர்த்து மூன்று வருஷமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூக்கிற மாதம் வேறு என்பதால், ஆடியில் எடுத்த மகரந்தத்தைச் சிறு குப்பிகளில் உலர்த்தி ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். மார்கழியில் எடுத்து டிசம்பர் பூவில் தடவினேன். நூற்றுக்கணக்கான பூக்களில் ஒரு காய் பிடிக்கவில்லை. மகரந்தம் செத்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. மாடியில் காலம் தப்பிப் பூத்த மலைச்செடி ஒன்றில் அதே குப்பியிலிருந்து தடவினேன். அழகாகக் காய்த்தது! தன் இனத்தோடு சேர்கிறது, மற்றதோடு சேரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் டி.என்.ஏ.வும் வாயைத் திறந்து சொல்லட்டும்.

குப்பியைத் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் நடந்த சண்டை தனி. அதை நேரில் சொல்கிறேன்.

கம்பளி போட்டுக்கொள்.

அக்கா


இங்கிலாந்து,
12.3.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். முடிவு வந்துவிட்டது. உன் மலைச்செடியும் தோட்டத்து டிசம்பர் பூவும் பசுங்கணிகத்தில் ஒன்றேதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மனதை விட்டுவிடாதே, அக்கா. இப்படி நிறையப் பேருக்கு நடக்கிறது. இதை மறைத்து ஆய்வேட்டை அனுப்பினால், நாளைக்கு வேறு யாராவது செய்து பார்த்து உன் பெயரைக் கெடுத்துவிடுவார்கள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. மற்ற ஐந்து அத்தியாயங்களே பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். இந்தச் செடி புது இனம் என்று நீ ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கும் கட்டுரையையும் திரும்பப் பெற்றுக்கொள்.

விஷயத்தை முழுதாக முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். இன்னும் பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து இலை அனுப்பு. அந்த மகரந்தக் கணக்குகளின் பிரதியும் இருந்தால் நல்லது. சும்மா பார்க்கத்தான்.

ஆடியில் திதிக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று.

மாறன்


வேங்கிக்கால்,
18.4.1999

அன்புள்ள மாறனுக்கு,

நீ வருகிறாய் என்பதை முதலில் படித்தேன். அதனால் முன்னால் எழுதியிருந்ததைத் தாங்க முடிந்தது.

அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அடுப்படியில் நின்று அழுததைப் பார்த்து உன் மாமா, “செடிதானே எழிலு, வேற செடி இல்லியா மலையில?” என்றார். கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. நீ சொன்னபடி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். பத்திரிகை ஆசிரியர், “என்னம்மா, உறுதியாத்தானே சொன்னீங்க?” என்று தொலைபேசியில் கேட்டார். என் தம்பியே பார்த்துச் சொல்லிவிட்டான் என்றேன்.

ஆனாலும் மாறா, ஒன்றுதான் என்றால் ஏன் காய் பிடிக்கவில்லை? ஏன் ஆடியில் பூக்கிறது? பசுங்கணிகம் தாய் வழியாக மட்டும் வருவது என்று நீதானே ஒரு தடவை சொன்னாய். செல்லின் நடுவே உட்கருவில் இருப்பது தாய், தகப்பன் இரண்டு பேர் வழியாகவும் வருமே, அதையும் பார்த்தாயா? நான் பாடப்புத்தகம் படித்துப் பேசுகிறேன், தப்பாக இருந்தால் சிரிக்காதே.

கேட்ட இலைகளையும் கணக்குகளையும் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கோடையில் மலையில் தீ வைத்துவிட்டார்கள். நல்ல வேளை, என் பாறைப் பக்கம் வரவில்லை. என் செடி என்று சொல்லும் பழக்கம் போக மாட்டேன் என்கிறது.

வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே. நீ வா.

அக்கா


வேங்கிக்கால்,
5.9.1999

அன்புள்ள மாறனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுவாய் என்று பார்த்தேன். வரவில்லை. பிரயாணத்தில் உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா?

நீ வந்து படைத்தது என் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உன் கையால் அம்மாவுக்கு இலை போட்டுத் தண்ணீர் விட்டதை ராமன்கூடக் கண் கலங்கிப் பார்த்தான். உன் பெயரை மென்றவர்கள் எல்லாம் வடையை மென்றுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு உன்னைத் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. விடியும் முன்பே மலைக்குப் போய்விட்டு, படையல் ஆறும் நேரத்தில் மண்ணும் ஈரமுமாக வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? “கொஞ்சம் தனியா இருக்கணும்னு தோணுச்சுக்கா” என்றாய். அம்மாவைக் கடைசியாகப் பார்க்காதவன், மலையில் போய் அழுதுவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் என் செடி பூத்திருந்த இடத்தைக் காட்டியபோதுகூட நீ ஒன்றும் பேசவில்லை. அம்மா நினைப்பில் இருந்தாய் போலிருக்கிறது.

நான் கேட்ட உட்கரு விஷயத்தை நேரில் பேச வேண்டும் என்றிருந்தேன். துக்க வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். முடிந்தபோது எழுது.

அக்கா


இங்கிலாந்து,
19.12.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை ஜாஸ்தி. தலை தூக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். பட்டம் வாங்கிவிட்டாய் என்று ராமன் எழுதியிருந்தான். வாழ்த்துகள், டாக்டர் அக்கா!

ஒரு சின்ன உதவி. மலைச்செடிக்கு அந்தக் காலத்தில் நீ லத்தீனில் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தாயே, அதன் பிரதி கிடைக்குமா? நீ எழுதியதை ஒரு நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான்.

மாமாவுக்கு என் வணக்கம்.

மாறன்


வேங்கிக்கால்,
6.2.2000

அன்புள்ள மாறனுக்கு,

உன் கடிதம் வந்தது. நலமாக இருக்கிறாய் என்று தெரிந்ததே போதும். என் பட்டத்தை ராமன் சொல்லித்தான் நீ தெரிந்துகொண்டாயா? நானே எழுதினேனே, கிடைக்கவில்லையா?

லத்தீன் பத்தியைக் கேட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இல்லாத இனத்துக்கு எதற்கடா லத்தீன்? புதுச் செடிக்குப் பெயர் வைத்தால் லத்தீனில் நாலு வரி எழுதியாக வேண்டும் என்ற விதிக்காக, ஞாயிறு தோறும் சர்ச்சில் பூசை முடியும்வரை வாசலில் காத்திருந்து பாதிரியாரிடம் கற்றுக்கொண்டேன். “இவ்வளவு பக்தியா வர்றீங்க, ஞானஸ்நானம் வாங்கிக்கிறீங்களாம்மா?” என்று அவர் ஒரு நாள் கேட்டுவிட்டார். அந்தப் பக்கங்களைத் தொடவே இப்போது மனசில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அடுத்த தடவை வரும்போது நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இந்த ஆடிக்கும் வருவாய் அல்லவா?

அக்கா


வேங்கிக்கால்,
13.8.2000

மாறனுக்கு,

ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன் செய்தால் வேறு யாரோ எடுத்து, நீ வெளியூர் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். உன் மாமா இன்டர்நெட் சென்டருக்குப் போய் ஈமெயில் கொடுத்தார். அதற்கும் பதிலில்லை. திதியை ராமன் செய்தான். வேலையில் ஏதாவது பிரச்சனையா? பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்களா? அப்படியானால் கூச்சப்படாமல் வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் அக்கா வீட்டில் உனக்குச் சோறு இல்லாமல் போகாது.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுது.

அக்கா


வேங்கிக்கால்,
22.11.2000

மாறன்,

நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், பழக்கத்தில். நீ நலமாகத்தான் இருக்கிறாய். அச்சில் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கல்லூரிக்குள் நுழைந்ததும் என்னைக் கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் முதல்வர் ராஜம்மாள் மேடையில் நின்று, “நம்ம எழிலரசி மேடம் பேர்ல உலகத்துல ஒரு செடி இருக்குது! கூடப்பொறந்த தம்பியே கண்டுபிடிச்சு அக்கா பேரை வெச்சிருக்காரு!” என்றார். பெண்கள் கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். லட்டு கொடுத்தார்கள். சென்னையில் யாரோ பேராசிரியர் பார்த்து, பிரதி எடுத்து வாழ்த்தோடு அனுப்பியிருக்கிறார். அந்தப் பிரதியின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, மற்றப் பக்கங்களோடு என் கையில் கொடுத்தார்கள். பொன்னாடையோடு நின்றுகொண்டே கண்ணாடிக்குள் இருந்ததைப் படித்தேன். பக்கத்தில் நின்ற பொன்னி மேடம், “என்னா மேடம், லட்டைக்கூடத் தொடாம படிக்கிறீங்க, அவ்ளோ சந்தோஷமா?” என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பார்லேரியா எழிலரசியே. டிசம்பர் பூவின் முதல் பெயரோடு என் பெயர். அடி அண்ணாமலைச் சரிவு. ஆடியில் பூப்பது, பொழுது சாயும்போது விரிவது. உட்கருவின் டி.என்.ஏ.வில் டிசம்பர் பூவிலிருந்து தெளிவாக விலகி நிற்கிறது. பசுங்கணிகம் மட்டும் ஒன்றாக இருப்பதற்கு, என்றைக்கோ நடந்த கலப்பு காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே காய் பிடிப்பதில்லை என்பதற்கு அட்டவணை. அது நான் ஐஸ் பெட்டியில் குப்பி வைத்துத் தடவிய அட்டவணை. எல்லாம் சரியாக இருந்தது. பத்து வருஷமாக நான் சொன்னது சரி என்று உலகத்துக்கு அழகாக நிரூபித்திருக்கிறாய். எனக்கு மட்டும் தப்பு என்று எழுதியிருந்தாய்.

செடிக்கு என் பெயரை வைத்து என்னை ஏமாற்ற முடியும் என்று எப்படி நினைத்தாய்? தன் பெயரைத் தானே ஒரு செடிக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் பெயரைச் செடிக்குக் கொடுத்துவிட்டால், அதைக் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் வர வழியில்லை. மாலை போட்டு வாசலுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டாய். எனக்கு வலித்தது அதுகூட இல்லை.

பெயருக்குச் சாட்சியாக ஒரு காய்ந்த செடியை வைக்க வேண்டுமல்லவா? அதை எடுத்தவர் மாறன் என்று போட்டிருக்கிறது. எடுத்த நாள் அம்மாவின் திதி.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டிசம்பர் பூதான் என்று நீ நம்பியிருந்தால் விடியற்காலையில் வேரோடு பிடுங்க எதற்குப் போனாய்? அப்போதே உனக்கு விடை தெரியும். தெரிந்துகொண்டு வந்திருக்கிறாய். முதல் நாள் நான்தான் இடத்தைக் காட்டினேன். பிடுங்கிய செடியை என் வீட்டு மாடி அறையில், என் மெத்தைக்கு அடியில் வைத்து அழுத்திவிட்டு, கீழே இறங்கி வந்து அம்மாவுக்குத் தண்ணீர் விட்டாய். நீ போன பிறகு மெத்தையைத் தட்டியபோது கிடைத்த கறை படிந்த செய்தித்தாள் எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நான் உனக்காக அழுதேன். தனியாக இருக்க வேண்டும் என்றாயே என்று ஊரெல்லாம் சொல்லி உருகினேன்.

கட்டுரையின் கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். திருவண்ணாமலையில் உபசரித்ததற்கு.

எழிலரசி


இங்கிலாந்து,
14.1.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதத்துக்கு மேலாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்குப் பொங்கல். இனியும் தள்ளக் கூடாது.

நான் பொய் சொல்லவில்லை, அக்கா. மார்ச்சில் எழுதியது அன்றைக்குக் கையில் இருந்த உண்மை. உட்கருவின் விடை அப்புறம்தான் வந்தது. அதை இங்கே என் பேராசிரியரிடம் காட்டியதும், வெப்பநாட்டுச் செடிகளின் இனங்களைப் பிரிக்க டி.என்.ஏ. எப்படி உதவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை. செடி எடுத்தவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவராக இருந்தால்தான் நல்லது என்றார். எனக்கு வேலை போகும் நேரம். உன்னிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தபோதும் வாய் வரைக்கும் வந்தது. நீ அம்மா படத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாய். எப்படிச் சொல்வது?

உன் பெயரை வைக்க நான் சண்டை போட்டேன். பேராசிரியர் வேறு பெயர் சொன்னார். கட்டுரை எழுதுபவர்களை நாலு வருஷத்தில் மறந்துவிடுவார்கள், செடியின் பெயர் நூறு வருஷம் நிற்கும். எனக்குத் தெரிந்த மரியாதை அது. நம் வீட்டில் யார் பெயர் இருந்தால் என்ன? எழிலரசி ஒரு பெயர், மாறன் ஒரு பெயர். இரண்டும் நம் அம்மா சந்திரம்மாளின் பிள்ளைகள்தானே.

எனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. முதலில் உனக்குத்தான் சொல்ல நினைத்தேன்.

ஆடிக்கு வருகிறேன். நேரில் வந்து உன் காலில் விழுந்துவிடுகிறேன். மாடியில் உயிரோடு இருக்கும் செடிகளிலிருந்து கொஞ்சம் விதை எடுத்து வைத்தால் நல்லது. இங்கே முளைத்தவை எல்லாம் குளிரில் போய்விட்டன.

உன் தம்பி
மாறன்


வேங்கிக்கால்,
2.9.2001

மாறனுக்கு,

நலம். உன் மாமாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆடிக்கு நீ வரவில்லை. மன்னிப்புக் கேட்க டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஈமெயிலில் பார்த்தோம்.

உன் பொங்கல் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. வேலை இருந்தது. உன் கட்டுரையை நிதானமாக மறுபடி படித்தேன். மேடையில் படித்தபோது கண்ணில் படாத ஒன்று இந்தத் தடவை பட்டது. லத்தீன் இல்லை. ஒரு வரிகூட இல்லை. என்னிடம் கேட்டாய், நான் தரவில்லை, நீயும் விட்டுவிட்டாய். உங்கள் பத்திரிகைக்காரர்கள் மரபணுக்காரர்கள், அவர்களும் கவனிக்கவில்லை. லத்தீன் நாலு வரி இல்லாமல் வைத்த பெயர் விதிப்படி நிற்காது. பார்லேரியா எழிலரசியே என்று ஒரு செடி உலகத்தில் இல்லை. என் பொன்னாடையும் லட்டும் வீண்.

திரும்ப வாங்கிய கட்டுரையை எடுத்தேன். பாதிரியாரிடம் கற்ற பத்தி அப்படியே இருந்தது. பழைய ஆசிரியருக்கே அனுப்பினேன். “தம்பி சம்மதிச்சிட்டாராம்மா?” என்று கேட்டார். தம்பியைக் கேட்கவில்லை என்றேன். போன மாதம் வெளிவந்துவிட்டது. சாட்சிச் செடியாக நான் 1987-இல் அழுத்திக் காயவைத்ததை வைத்தேன். பெயருக்கு யாரையும் தேடவில்லை, மலையின் பெயரையே வைத்தேன். மலைக்குத் தம்பி கிடையாது.

உன் டி.என்.ஏ. வேலையை மறைக்கவில்லை. உட்கரு பற்றிய பகுதியில் உன் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் மறுபடியும் டி.என்.ஏ. எங்கே என்று கேட்டிருப்பார். நீ செய்த வேலை நல்ல வேலை. அதைச் செய்தவன் நீதான் என்பதை நான் எதற்குத் திருட வேண்டும்? உன் உத்தியோகத்துக்கும் இதனால் ஒன்றும் ஆகாது, பயப்படாதே.

அச்சில் என் பெயரைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். உன் மாமா மைசூர்பாகு வாங்கி வந்தார். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். இந்தச் செடி தனி இனம் என்று தெரியும் நாளில் முதலில் உனக்குத்தான் போன் செய்வேன் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த நாளை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வேலை போய்விடும் போலிருக்கிறது, கட்டுரையை எனக்குக் கொடு அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். லத்தீனையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

விதை எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். முறையாகக் கடிதம் எழுதிக் கேட்கிற யாருக்கும் கொடுப்பேன், உனக்கும்தான்.

இந்த ஆடியில் திதிக்கு ராமனைக் கூப்பிடவில்லை. ஈரத் துணியோடு நானே உட்கார்ந்து இலை போட்டு அம்மாவுக்குப் படைத்தேன். ஆதிலட்சுமி சித்தி, “புள்ளை உயிரோட இருக்கும்போது பொண்ணு செய்யறதா, இது எந்த ஊரு மொறை?” என்று கேட்டார். மகனுக்கு அந்த நாளில் வேறு வேலை இருக்கும் சித்தி என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நீ ஊருக்கு வந்தால் நேரே வீட்டுக்கு வா. ஓட்டலில் தங்காதே, தண்ணீர் உனக்குச் சேராது. பொங்கலுக்கு வா, தீபத்துக்கு வா, எப்போது வந்தாலும் சோறு இருக்கும், மாடி அறையும் இருக்கும். அம்மாவின் திதி அன்றைக்கு மட்டும் வராதே.

அக்கா